சித்தி தராத கிரீடம்

எங்கள் சித்தி அழகி. வீட்டுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போட்டி வைத்து, மார்க் போட்டு, தலையில் கிரீடமும் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் மருத்துவம் படித்து, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டு முன்னறையையே கிளினிக் ஆக்கிக்கொண்டதைச் சொந்தக்காரர்கள் யாரும் மன்னிக்கவில்லை. “இந்த முகத்த வெச்சுக்கிட்டு ஊசி போட்டுட்டு உக்காந்திருக்காளே” என்று அம்மாவே அங்கலாய்ப்பாள்.

கேபிள் டி.வி. வந்த புதிது. அழகிப் போட்டி என்றால் தெருவே கூடிப் பார்க்கும். எனக்கோ அசல் கிரீடமே கைக்கெட்டும் தூரத்தில், சித்தியின் கண்ணாடி அலமாரியில், தடித்தடி மருத்துவப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தது. பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவேன். ஒரே ஒரு தரம் வைத்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சாத நாளில்லை. சித்தி மசியவே மாட்டாள். “அது ஜெயிச்சவங்களுக்குத்தான்டி” என்பாள். அழுகை முட்டும். ஆனாலும் அவளை வாயைப் பிளந்து பார்ப்பதை நான் நிறுத்தியதில்லை.

ஒரு வாரப் பத்திரிகையில் அழகுக் குறிப்பும் எழுதினாள். சரியான கேடி! கடலை மாவில் தயிர் கலந்து என்று ஆரம்பிப்பாள், நாலாவது வரியில் ரத்தசோகைக்குத் தாவிவிடுவாள். அதைப் படித்துவிட்டுப் பெண்கள் வருவார்கள். முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று யார் கேட்டாலும், “உள்ள வாங்க, சொல்றேன்” என்று பச்சைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போவாள். அழகின் ரகசியத்தை அங்கேதான் சொல்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் அக்கா ஒருநாள் வந்தார்.

“டாக்டரம்மா, மூஞ்சி கருத்துக்கினே போவுது. நீங்க இன்னா போட்றீங்க?”

“உள்ள வாங்க, சொல்றேன்.”

அன்று வெகு நேரமாயிற்று. திரைக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் தணிந்து வந்தது.

“மார்ல இந்தக் கட்டி எத்தன நாளா இருக்கு?”

“அது கெடக்குது டாக்டரம்மா. வலியா ஒண்ணா? இத்தப் போய் யாராண்ட காட்றது?”

வெளியே வந்தபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். மறுநாள் சித்தி கிளினிக்கைப் பூட்டிவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி, தானே அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். “பொழைச்சு வரணுமே” என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்மா முணுமுணுப்பாள்.

மழைக்காலம் போய், வெயில் ஏறத் தொடங்கியபோது அக்கா மறுபடி வந்தார். தலையில் முக்காடு, கையில் ஆஸ்பத்திரிக் கவர். சித்தி நின்றபடியே காகிதங்களைப் படித்தாள். திருப்பி இன்னொரு முறையும் படித்தாள்.

“போயிடுச்சு. சுத்தமாப் போயிடுச்சு!”

“நெசமாவா?” அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்காடு நழுவியது. தலையில் ஒரு முடி இல்லை. “இந்தத் தலய இன்னும் கண்ணாடில பாக்கல டாக்டரம்மா. பயமா கீது.”

சித்தி அலமாரியைத் திறந்தாள். கிரீடத்தை எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, அந்த மொட்டைத் தலையில் வைத்தாள். கைக்கண்ணாடியையும் நீட்டினாள். அம்மாடி! அக்கா முதுகு நிமிர்ந்தார், கழுத்தை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். டி.வி.யில்கூட அப்படியொரு அழகியை நான் கண்டதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நொடியே வயிறு எரிந்தது.

“அநியாயம் சித்தி! அக்கா எந்தப் போட்டியில ஜெயிச்சாங்க?”

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அந்தப் போட்டி எனக்கு எப்ப வரும்?” என்று காலை உதைத்துக்கொண்டு கேட்டேன்.

சித்தி என்னை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். “உனக்கு அது வரவே வேணாம்டி கண்ணு” என்றாள்.

இவளைப்போல் ஒரு கல்நெஞ்சுக்காரி உலகத்திலேயே கிடையாது என்று முடிவுகட்டி, அந்த மடியிலிருந்தபடியே அவளோடு டூ விட்டேன்.