டீசல்கார அண்ணை

எங்கள் கார் ஒரு பழைய ஜெர்மன் டீசல். உள்ளே தோல் இருக்கையில் சாய்ந்தால் பெரிய பணக்காரி போல இருக்கும். வெளியே நின்று கேட்டால் மரக்கறி லொறி வருவது போல இருக்கும். கனடாவில், மில்லிக்கனில் நாங்கள் இருக்கும் தெருவில் அது ஒன்றுதான் டீசல். என் கணவர் அதை ஆசைப்பட்டு வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. ஐரோப்பாவில் இவ்வளவு விலையான கார்களுக்குள் ஏன் இந்த எஞ்சினை வைத்தார்கள்? அதைக் கனடாவில் ஏன் அநேகமாக ஒருவரும் சீண்டவில்லை? இவரிடம் கேட்டால் "இழுவை" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்வார்.

மகளின் கல்யாணத்துக்கு ஜெர்மனியிலிருந்து என் அண்ணை வந்தபோதுதான் எனக்குச் சரியான ஆள் கிடைத்தார். அவர் அங்கே டாக்சி ஓட்டுபவர். இங்கே டாக்டர்மார் ஓடுகிற கார்கள்தான் அங்கே டாக்சி. வந்த அன்றே எங்கள் காரின் பொனட்டைத் திறந்து, சத்தத்தைக் கேட்டு, தலையை ஆட்டி ரசித்தார். நான் விடவில்லை.

"அண்ணை, உங்கட ஜெர்மன் ஆக்கள் ஏன் உந்த டீசலை விரும்பினவை?"

"அங்கை கனகாலம் பெற்றோலை விட டீசல் மலிவு. நெடுஞ்சாலையிலை மணிக்கணக்கா ஒரே வேகத்திலை இழுத்துக்கொண்டு போகும். குடிக்கிறதும் குறைவு."

"அப்ப ஏன் இப்ப எல்லாரும் ஹைபிரிட் எண்டு நிக்கினம்?"

"புகைதான். சில நகரங்களுக்குள்ளை பழைய டீசலை விடமாட்டாங்கள். சிக்னலுக்குச் சிக்னல் நிக்கிற இடத்திலை, பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுற ஹைபிரிட் திறம். பிரேக் பிடிக்கேக்கை பற்றரி ஏறும். நிக்கேக்கை எஞ்சின் தானா நிண்டிடும்."

இவ்வளவு நியாயமாகப் பேசியவர், தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, தன் டாக்சி முதலாளி டீசல் கார் எல்லாவற்றையும் விற்று ஹைபிரிட் வாங்கப் போகிறான் என்றும், அதனால் தான் வேலையை விடப்போவதாகவும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி செத்தபின் அவருக்கு அங்கே ஒரு சின்ன பிளாட்டும் அந்த டாக்சியும்தான். பிள்ளைகள் இல்லை. டாக்சியும் போனால் அந்த நாலு சுவருக்குள் என்ன செய்வார்? ஹைபிரிட் திறம் என்று வாயாலேயே சொல்லுகிறார், பிறகு என்ன பிடிவாதம்? கேட்டேன். "உனக்கு விளங்காது" என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

தாய்மாமன் என்ற முறையில் மகளை மண்டபத்துக்கு அழைத்துப்போகும் உரிமை அவருடையது. எங்கள் டீசலில்தான், தானே ஓட்டித்தான் கொண்டுபோவேன் என்று பூவும் ஒட்டி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள், டாங்கை நிரப்பவேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காசு கொடுக்க நான் உள்ளே போய் வர, பம்புக்கு முன்னால் கையை மூக்கில் வைத்தபடி நின்றார்.

"பிள்ளை, இது டீசல் மணமில்லை."

ஜெர்மனியில் கறுப்புக் கைபிடி டீசல், பச்சை பெற்றோல். இங்கே அந்த பம்பில் கறுப்பு பெற்றோல், பச்சை டீசல். அவருடைய கை பழக்கத்தில் கறுப்பைப் பிடித்து, டாங்க் நிறைய பெற்றோலை அடித்துவிட்டது. நல்லகாலம், ஸ்டார்ட் பண்ணவில்லை. டோ டிரக் வந்து, பூ ஒட்டிய காரைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனது. பின்னால் போன வண்டிகள் எல்லாம் எட்டிப் பார்த்தன.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "முப்பது வருசமா டீசல் அடிச்சவன் நான். நாளைக்கு வேறை ஆரும் ஓடட்டும்" என்றார். மகள் மருதாணிக் கையை விரித்தபடி முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்கதான் டிரைவ் பண்ணணும். இல்லாட்டி நான் பஸ்ஸிலை வாறன். ஐ ஆம் சீரியஸ்."

விடிய, பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து என் மச்சாள் தன்னுடைய புத்தம்புது ஐரோப்பியக் காரைக் கொண்டுவந்து விட்டாள். அது ஹைபிரிட். அண்ணை பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அழுத்தினார். மச்சாள் யன்னலுக்குள் தலையை விட்டு, "அண்ணை, அது முதலே ஸ்டார்ட். இப்ப நீங்கள் நிப்பாட்டிப்போட்டியள்" என்றாள். கல்யாணப் பெண் பின்னால் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அண்ணை அருமையாக ஓட்டினார். ஸ்டீல்ஸ் வீதியின் சிவப்பு விளக்குகளில் எஞ்சின் அடங்கும்போது வளையல் சத்தம்கூடக் கேட்டது. முன் இருக்கையில் இருந்த எனக்கு அது பிடித்திருந்தது.

தாலி கட்டி, பந்தி தொடங்கியபோது அண்ணையைக் காணவில்லை. தேடிப்போனால் வண்டி நிறுத்துமிடத்தில் அந்தக் காருக்குள் தனியே இருந்தார். கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினேன். கார் ஓனில்தான் இருந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"நல்ல கார்" என்றார்.

"அப்ப என்னண்ணை பிரச்சினை?"

தன் இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

"ராவிலை டாக்சி ஸ்டாண்டிலை ஆள் வருமட்டும் நிக்கவேணும். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுத்தான் நிப்பன். சட்டப்படி அப்பிடி விடக்கூடாதுதான், ஆனா விடுவன். அந்தச் சத்தம் சீற்றுக்குக் கீழை மெல்லமா அதிரும். ஆரோ பக்கத்திலை இருக்கிற மாதிரி. உன்ரை அண்ணி போனாப் பிறகு எனக்கு அதுதான். இதுக்குள்ளை இருந்து பார், ஒருத்தருமில்லை."

எரிபொருள், இழுவை, புகை என்று இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் யாரோ பிள்ளைகள் பலூனை உதைத்து விளையாடினார்கள்.

"வேலையை விடாதேங்கோ அண்ணை. ஸ்டாண்டிலை நிக்கேக்கை எனக்குப் போன் எடுங்கோ."

"அங்கை விடியப்புறம், இஞ்சை நீ படுக்கிற நேரம்."

"நித்திரையெண்டால் எழுப்புங்கோ."

அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"கதைக்க ஒண்டும் இல்லாட்டி?"

"ஒண்டும் கதைக்காதேங்கோ. லைனிலை நில்லுங்கோ, நானும் நிக்கிறன்."