ஒரே வயித்துப் பிள்ளைங்களுக்கு ஒரே மருந்தா?

பார்மசி கவுண்டர்ல மருந்து எடுத்துக் குடுக்குறது ஈசி, வாங்க வர்றவங்ககிட்ட வாய் குடுத்துட்டு தப்பிச்சு வர்றதுதான் கஷ்டம். நான் பார்மசி படிக்கிறேன். சனி, ஞாயிறு குனோங் ராபாட்ல ஒரு கடையில நிக்கிறேன். என்னை மாதிரியே கவுண்டருக்குப் பின்னால பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறவங்களே, கேளுங்க.

அக்கா குடுத்த அளவு

கோப்பெங்லேர்ந்து நம்ம கடைக்கு வர்ற அந்தோணி அண்ணே வயரிங் வேலை செய்றவரு. நாப்பது வயசுக்கு மேலதான் அவருக்கு ஏடிஎச்டி, அதான் கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறு, இருக்குன்னே தெரிஞ்சுச்சு. வயர்மேன் லைசன்ஸ் சோதனையில பெயிலாகிட்டே இருந்தாரு. பாதிக் கேள்வி படிக்கிறதுக்குள்ள மனசு கேமரன் மலைக்குப் போயிடுமாம். இந்தத் தடவையும் பெயிலானா மொதலாளி தவுக்கே வேலைய விட்டு நிறுத்திடுவாரு. டாக்டர் மருந்து குடுத்தாரு. அதச் சாப்பிட்டா வாந்தி, நெஞ்சு படபடப்பு.

அவரோட அக்கா மேரிக்கும் அதே பிரச்சனை, அதே மருந்து. அவங்களுக்கு நல்லா கேக்குது. அதனால, தம்பிக்கு அளவு பத்தலன்னு தன்னோட மாத்திரையையும் சேர்த்துக் குடுத்திருக்காங்க! எனக்கு வந்துச்சே கோவம். "உங்க மூக்குக் கண்ணாடிய அவருக்கு மாட்டி ரோட்டுல விடுவீங்களா?"ன்னு கத்திட்டேன். கியூவுல நின்னவங்க கோவமா மொறச்சாங்க, அக்கா அசரவே இல்ல.

"நாங்க வளந்த ரப்பர் தோட்டத்துல ஊருக்கே ஒரே கலவை மருந்துதான் குடுத்தாங்க. ஒரே வயித்துல பொறந்த எங்களுக்கு மட்டும் ரெண்டு வேணுமா?"

கன்னத்துக்கு விரதம்

நான் உடனே டாக்டருக்கு போன் அடிச்சேன். அவரு மருந்த நிறுத்திட்டு, ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. "சாப்பிட்ட கையோட வராதீங்கண்ணே"ன்னு நான் சொன்னத அண்ணே எப்படிக் கேட்டாரோ, முந்தின நாள்லேர்ந்து பட்டினி. ரத்தம் எடுப்பாங்கன்னு நெனச்சு சட்டைக் கைய வேற மடிச்சு விட்டுட்டு உக்காந்துருக்காரு. நான் கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சிய விட்டு நாலு தேய் தேய்ச்சேன், அவ்ளோதான்.

"இதுக்கா தங்கச்சி பட்டினி போட்ட? இங்க நாசி லெமாக் எங்க கிடைக்கும்?"

அப்பா எழுதி வச்சது

ரிசல்ட் வந்துச்சு. அண்ணே உடம்பு அந்த மருந்த ரொம்ப மெதுவாத்தான் கரைக்குது. மத்தவங்களுக்கு வெளிய போயிடுற மருந்து, இவருக்கு உள்ளயே சேர்ந்துக்கிட்டு நிக்குது. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு வர்ற ஜீன்ல, இவருக்கு ரெண்டுமே மெதுவான ரகம். கூடப் பொறந்தவங்களுக்கு வேற மாதிரி வரலாம். மருந்து கேக்குமா கேக்காதான்னு டெஸ்ட் சொல்லாது, ஆனா எந்த அளவுல தொடங்கலாம்னு டாக்டருக்கு வழி காட்டும்னு தொண்டை வறள விளக்கினேன். மேரி அக்கா மூஞ்சி தொங்கிப் போச்சு.

"பாத்தியா, அப்பா இதக்கூட அவனுக்குத்தான் தனியா எழுதி வச்சிருக்காரு!"

கடைசி வரி

டாக்டர் அளவக் கொறைச்சு, கொஞ்சங் கொஞ்சமா பாத்துப் பாத்து ஏத்துனாரு. வாந்தி நின்னுச்சு. மேரி அக்கா தன்னோட மாத்திரைய அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. சாவி என்கிட்ட இருந்தா இன்னும் நிம்மதி. போன சனிக்கிழமை கடைக் கதவத் தள்ளிக்கிட்டு அண்ணே வந்தாரு. பின்னாலயே ஒரு பெரிய டப்பா நிறைய முறுக்கோட அக்கா. கியூவுல நின்னவங்களுக்கெல்லாம் முறுக்கு. அண்ணே பாஸ்! சந்தோஷத்துல நானும் கத்துனேன், இந்தத் தடவை யாரும் கோவிச்சுக்கல.

"தங்கச்சி, மொத தடவையா கேள்விய கடைசி வரி வரைக்கும் படிச்சேன்லா. என்ன கேக்குறாங்கன்னே அங்கதான் எழுதியிருக்கானுங்க!"

ஆக, மருந்துக்கு அளவு பாக்க டெஸ்ட் வந்துடுச்சு, என் வாய்க்கு அளவு பாக்கத்தான் இன்னும் ஒண்ணும் வரல.