டூப்ளிகேட்டாவே வந்துடணும், முருகா!

துவரம்பருப்பு இவ்வளவு உயரம் தாண்டும் என்று போன மாதம் வரை எனக்குத் தெரியாது.

மூன்றாவது விசில் வர வேண்டிய நேரம். வந்தது விசில் அல்ல... வெடி! மூடி ஒரு பக்கம், வெயிட் ஒரு பக்கம், பருப்பு மொத்தமும் கூரையில். நல்லவேளையாக என் மனைவி மாலதி அப்போது ஹாலில் அவள் அக்காவோடு போன் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்று இதே பக்கத்தில் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். வாபஸ். அன்று மாலதியின் முகத்தைக் காப்பாற்றியது அந்த நிறுத்தாத பேச்சுதான்.

குக்கர் வாங்கி நான்கே நாள். ஆன்லைனில் வாங்கியது. பேர் பெற்ற கம்பெனி. கடை விலையில் பாதி. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கம்பெனி எங்கள் கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் அதன் தகரக்கூரை தெரியும். பஜாருக்கு நடந்தால் நாலு கடையில் கிடைக்கும். நானோ, கட்டிலில் படுத்தபடி, முகம் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் ஆர்டர் போட்டேன். மூன்று மாநிலத்து கோடவுன்களில் தூங்கி எழுந்து, நெடுஞ்சாலை தூசியெல்லாம் பூசிக்கொண்டு, பக்கத்துத் தெருப் பொருள் என் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டிக்குள் கேரண்டி கார்டு. அதில் ஊதா மையில் ஒரு வட்ட சீல் — 'பரிசோதிக்கப்பட்டது, கியூ.சி. 17'.

ஆன்லைன் கம்பெனியின் சாட்டில் போய்க் கத்தினேன். "உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது" என்றது இயந்திரம். மூன்று முறை, அதே வேதனையோடு. "இது நூறு சதவீதம் அசல் பொருள். தர முத்திரையைச் சரிபார்க்கவும்" என்றும் சொன்னது. மறுநாள் ஒருவர் வந்து குக்கரைத் திரும்ப எடுத்துப் போனார். ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்த கார்டை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். ஆனால், என்னிடம் பேனா இருக்கிறதே?

அசல் பொருள் என்றால் தப்பு யாருடையது? பரிசோதித்தவருடையதுதானே? ரிவ்யூ எழுதினேன். அதைச் சாதாரண ரிவ்யூ என்று சொல்லிவிட முடியாது. 'உலை கொதிக்கும்போது உறங்கியவரே, பதினேழாம் எண்ணின் தூங்குமூஞ்சியே, உங்கள் கொட்டாவியின் விலை என் மனைவியின் கண்கள் என்று அறிவீரா?' இந்த ரீதியில் இருபது வரி. கார்டின் போட்டோவையும் சேர்த்தேன். அதே போட்டோவோடு கம்பெனியின் புகார் முகவரிக்கும் ஒரு மெயில் தட்டிவிட்டேன்.

நாற்பத்திரண்டு பேர் லைக் போட்டார்கள். இருபது வருடமாக எழுதுகிறேன்... மழையை எழுதியிருக்கிறேன், பழவேற்காட்டு ஏரியில் விழும் அந்திச் சிவப்பை எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் இத்தனை கைதட்டல் கிடைத்ததில்லை. திட்டினால் கிடைக்கிறது.

இரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து போன். அவ்வளவு பணிவு! "சம்பந்தப்பட்டவங்க மேல நடவடிக்கை எடுத்தாச்சு சார்." நடவடிக்கை! அந்தச் சொல்லை வெற்றிலை போல மென்றுகொண்டே அன்று முழுக்க நடந்தேன்.

மறுநாள் காலை, கீழ் போர்ஷனுக்குக் கருவேப்பிலை வாங்கப் போன மாலதி வெறுங்கையோடு மேலே வந்தாள்.

"ஏங்க, நம்ம கோமளாவை வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம். அழுதுகினு கீறா. எவனோ ஒரு புண்ணியவான் அவ நம்பரைப் போட்டு இண்டர்நெட்டுல எழுதிட்டானாம்."

"என்ன நம்பர்?" என்றேன். கண் ஃபிரிட்ஜ் மேல் இருந்த கார்டுக்குப் போனது.

"பதினேழு."

கோமளா எங்கள் கீழ் போர்ஷனில் குடியிருந்து மூன்று வருடம். தனியாக ஒரு பெண்ணைப் படிக்க வைக்கிறாள். விடிவதற்குள் மெயின் ரோட்டில் கம்பெனி வேன் ஏறிவிடுவாள். எந்தக் கம்பெனி? கேட்டதே இல்லை. இந்த ஊரில் எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போகிறவர்கள்தானே? காற்றில் இரும்புத்தூள் மிதக்கும் ஊர் இது, வானத்துக்கே துரு ஏறியிருக்கிறது என்றெல்லாம் எழுதிக் குவித்த நான், அந்தத் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு தினம் என் படிக்கட்டைக் கடந்தவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

கார்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மாலதி பின்னால் வந்தாள் — ஆறுதலுக்கா, சாட்சிக்கா, தெரியவில்லை.

"அந்தப் புண்ணியவான் நான்தான், கோமளா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களா சார்? 'தூங்குமூஞ்சி'ன்னு எழுதுனது நீங்களா? நல்லாத்தான் சார் எழுதிக்கீறீங்க. எம்பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. பாதி புரியல, திட்டுறது மட்டும் புரிஞ்சிது."

"கோமளா, நான்..."

"எட்டு மணி நேரம் நின்னுக்கினே பாக்குறேன் சார். லைன்ல ஒரு ஸ்டூலு கூட கெடையாது. தூங்கணும்னா மாடு மாதிரி நின்னுக்கினுதான் தூங்கணும். எங்க தூங்குறது?"

"விசாரணை பண்ணி..." என்று மாலதி ஆரம்பித்தாள்.

"விசாரணை முடியங்காட்டி வராதேன்னுட்டாங்கக்கா. கான்ட்ராக்ட்டுல கீறவங்களுக்கு விசாரணை எங்க முடியுது? எங்க வேலை கார்டு மட்டும்தான் முடியும்."

நான் கார்டை நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாக்கில் விரலைத் தொட்டு சீல் மேல் தேய்த்தாள். ஊதா அசையவில்லை. இன்னொரு முறை தேய்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

"சீலு என்துதான். ஆனா நான் குத்தல" என்றாள். "எங்க மை தண்ணி பட்டா ஈஷிக்கும். இது அச்சு சார். என் கார்டு ஒண்ண எட்டுத்து அப்டியே பிரிண்ட் போட்டுக்கீறான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கரே போலி!

உடனே அவள் மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "மை காஞ்சிருக்கும்மா. இதெல்லாம் ப்ரூஃப் இல்ல. குக்கர் இருந்தா கொண்டா, பாக்கலாம்."

குக்கர்? அதைத்தான் பூப்போலக் கட்டி, டேப் ஒட்டித் திருப்பி அனுப்பியாயிற்றே!

வாழ்க்கையில் முதல்முறையாக, திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியைச் சபித்தேன். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். கோமளாதான் நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு வாங்குங்க சார்."

"எதை?"

"அதே குக்கரு. அதே ஆளுகிட்ட. கையால குத்துனா ஒண்ணு மாதிரி ஒண்ணு விழுமா? ஒண்ணு கோணிக்கும், ஒண்ணு பாதிதான் விழும். ரெண்டு கார்டும் ஒரே மாதிரி இருந்துச்சின்னா மாட்னான். எழுத மட்டும் தெரிஞ்சா போதாது சார், வாங்கவும் தெரியணும்."

அன்றே ஆர்டர் போட்டேன். ஆப் என்னைக் கொஞ்சியது. 'இந்தப் பொருளை ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்கள். பிடித்திருந்ததா?' அந்த விற்பனையாளருக்கு நாலரை நட்சத்திரம். அசலைச் செய்கிறவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், நகலைச் செய்கிறவன் நாலரை நட்சத்திரத்தோடு ஜொலிக்கிறான். என் ரிவ்யூவால் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடி மொத்தமும் தவறாமல் பதினேழாம் நம்பர் மேல் விழுந்திருந்தது.

'இது போலிப் பொருள், கியூ.சி. 17 மேல் தவறில்லை' என்று திருத்தம் எழுதினேன். இரண்டு லைக். ஒன்று மாலதி.

அப்புறம் ஆரம்பித்தது ஒரு பயம். ஒருவேளை இந்த முறை அவன் அசலை அனுப்பிவிட்டால்? என் புகாரைப் பார்த்துத் திருந்திவிட்டால்? ஐயோ, மனசாட்சி என்று ஒன்று அவனுக்கு வந்து தொலைத்தால் கோமளாவின் கதி என்ன? உலகத்தில் எத்தனையோ பேர் பார்சலுக்காகக் காத்திருக்கிறார்கள், நல்லது வர வேண்டுமென்று. ஓர் அயோக்கியன் அயோக்கியனாகவே நீடிக்க வேண்டும் என்று காத்திருந்தது அநேகமாக நாங்கள் மூவர்தான்.

செவ்வாய்க்கிழமை மாலதி சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போனாள். சொந்த வீடு அமைய வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வேண்டிக்கொண்டு நின்ற வரிசையில், அவள் வேண்டுதல் மட்டும் வேறு.

"டூப்ளிகேட்டாவே வந்துடணும் முருகான்னு வாய் விட்டே சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன அம்மா திரும்பிப் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'வீட்டுப் பத்திரமா?'ன்னு கேட்டாங்க."

வியாழக்கிழமை மதியம் பார்சல் வந்தது. கோமளாவே பிரித்தாள். பாத்திரத்தை ஒரு விரலில் தூக்கினாள்.

"தகரம்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. "இத்த வெச்சி டீ கூட போட முடியாது சார்!"

கார்டு? அடியில் கிடந்தது. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெயிலுக்குத் தூக்கினாள். ஒரே வட்டம். ஒரே இடத்தில் உடைந்த ஓரம். ஏழின் வாலில் ஒரே ஊதாச் சிதறல். இரண்டு கார்டா ஒரு கார்டா என்று கண் தடுமாறியது. மனுஷக் கை இத்தனை ஒழுங்காகத் தப்புச் செய்யாது. நாம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தப்புச் செய்கிறவர்கள். அது மட்டும்தான் அன்று கோமளாவின் பக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் கம்பெனிக்குப் போனோம். கேட்டில் எனக்கு 'விசிட்டர்' அட்டை. கோமளாவுக்கும் 'விசிட்டர்' அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எழுத்து தெரியாதபடி திருப்பி விட்டுக்கொண்டாள்.

மேனேஜர் ஏசி அறையில் எனக்கும் மாலதிக்கும் நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார். கோமளா நின்றாள். எனக்குக் காபி இறங்கவில்லை, எழுந்து நின்றேன். மேனேஜர் பதறிப்போய், "சேர் சரியில்லையா சார்?" என்றார்.

கார்டுகளைப் பார்த்தார். குக்கரைத் தராசில் வைக்கச் சொன்னார். தராசு முள் அசல் எடையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. முகம் மாறியது. யார் யாருக்கோ போன் பறந்தது. "எங்க பிராண்டுக்கே ஆபத்து சார்! நீங்க பெரிய உதவி செஞ்சிருக்கீங்க."

"கண்டுபிடிச்சது நான் இல்லை. இவங்க" என்றேன்.

"ஆமாமா" என்றார், போனில் எண்ணைத் தேடிக்கொண்டே. "கோமளா, நீ திங்கக்கிழமை வந்துடும்மா."

அவ்வளவுதான். எனக்கு வண்ணக்காகிதம் சுற்றிய புது குக்கர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். கஸ்டமர் தெய்வமாம். தெய்வத்தோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். கோமளாவை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் வந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கேட்டேன்.

"மன்னிப்பு கேட்டாங்களா?"

"இன்னா சார் நீங்க, ஜோக் அடிச்சிக்கினு?" என்று சிரித்தாள். "ஒரு பேப்பரு குட்த்தாங்க. இந்த பத்து நாளும் நானே லீவு கேட்டு ஊட்ல இருந்தேன்னு எழுதிக்கீது. கையெழுத்து போட்டாத்தான் திங்கக்கிழமை உள்ள வுடுவாங்களாம்."

"போட்டுட்டியா?" என்றாள் மாலதி.

"போடாம? பொண்ணுக்கு பரீட்சை ஃபீஸு கட்டணும்க்கா. இதுக்கு மேல யாரு பேஜாரு புட்ச்சினு கீறது?"

அவளுக்குக் கொடுத்திருந்த பிரதியை நீட்டினாள். கம்பெனி லெட்டர்ஹெட், கம்பெனி சீல், மேனேஜர் கையொப்பம், எல்லாம் இருந்த காகிதம். அதில் அசல் என்று சொல்ல இருந்தது கோமளாவின் பயம் மட்டும்தான்.