புண்ணாக்குத் தண்ணீர் குடித்த ஜாடி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் பூசுகிற பெரியநாயகிக்கு, எதையும் வயிறு நிறைய ஊட்டித்தான் வளர்க்கத் தெரியும். 2006 கார்த்திகையில், நாஸ்டர்டியம் என்ற பூச்செடியின் விதைகளைச் சூளையில் விரிசல் விட்ட இரண்டு ஜாடிகளில் ஊன்றினாள். வீட்டு ஜாடிக்கு எருவும், வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குத் தண்ணீரும். பட்டறைக்குப் பின்னால் வைத்ததில் வெறும் மணல்மண். அதை மறந்தே போனாள்.

தை பிறந்தது. வீட்டுச் செடியின் இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன, ஒரு மொட்டுகூட இல்லை.

"தின்னுட்டுத் தின்னுட்டு நிக்குது பாரு" என்று அதைத் திட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

பட்டறைக்குப் பின்னால் உடைசல் கொட்டப் போனவள் கூடையைக் கீழே வைத்தாள். மறந்துபோன ஜாடி முழுக்க ஆரஞ்சுப் பூக்கள்.

"இதுக்கு யாரு என்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலக்கா. நான் கை கழுவுற தண்ணிதான் போவுது" என்றான் சூளை வேலை பார்க்கும் மாயவன்.

அன்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலைக்கே போகாத இருபத்தாறு வயது மகன் திருமால் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டை நீட்டினான்.

"இன்னும் ரெண்டு வைம்மா."

பெரியநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.