நான்கு மூன்று மூன்றும் கந்தப்பனும்

பீளமேட்டுப் பம்புசெட்டுக் கம்பெனி ஒன்றில் தரச்சோதனை பார்க்கும் கந்தப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. மகள் நவ்யாவின் பிரசவத்துக்குச் சிட்னி போன மனைவி மோகனப்பிரியா, பேரன் முகத்தைக் கண்டதும் விசாவை நீட்டித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கந்தப்பனிடம் தினமும் சத்தம் கொடுத்தவை பம்புகள் மட்டுமே. ஆள் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு அவர் கம்பெனிக் கால்பந்து அணியில் சேர்ந்தார். பதினோரு பேர் கூடி ஆடுகிற ஆட்டமாயிற்றே! பாலிடெக்னிக் காலத்தில் கோல்கீப்பராக நின்றவர் என்பதால் அதே இடம் கிடைத்தது.

ஆரம்பத்தில் வாழ்க்கை இனித்தது. அணி அவ்வளவு கேவலமாக ஆடியது. பத்துப் பேரும் சொந்தக் கோல் வாசலிலேயே குவிந்து கிடந்ததால் அவரைச் சுற்றி எப்போதும் கல்யாண வீட்டுக் கூட்டம். பேக் ஆடும் தீபக்கிடம், சரவணம்பட்டியில் எந்த மெஸ்ஸில் குழம்பு நன்றாக இருக்கும் என்பதுவரை விசாரிக்க முடிந்தது. ஆறு கோல் வாங்கித் தோற்ற அன்றுகூட அவர் சந்தோஷமாக வீடு திரும்பினார்.

இந்தப் பொற்காலத்தை முடித்துவைக்கச் சாமுவேல் மாஸ்டர் என்ற புதிய பயிற்சியாளர் வந்து சேர்ந்தார்.

"இனி நாலு, மூணு, மூணுங்க. பின்னால நாலு பேரு, நடுவுல மூணு, முன்னால மூணு. முன்னால ஓரத்துல ஆடற ரெண்டு விங்கும் சுண்ணாம்புக் கோட்ட மிதிச்சுட்டு நிக்கோணும். அப்பத்தான் அவங்க டிபென்ஸ் ரெண்டு பக்கமும் இழுபட்டு நடுவுல ஓட்ட விழும். விங்கு உள்ள திரும்புனா, பின்னால இருக்கற பேக்கு கோட்டோரமா மேல ஓடோணும். நடு மூணும் முக்கோணமா நின்னா, பந்து வெச்சிருக்கறவனுக்கு எப்பவும் ரெண்டு ஆளு கெடைக்கும். மிச்ச ரெண்டு பேக்கும் நடுக்கோடு வரைக்கும் ஏறிப்போடுங்க. பந்து போச்சுன்னா அங்கயே புடுங்கோணும்."

கந்தப்பன் விரல்விட்டுக் கூட்டினார். "ஏனுங்க மாஸ்டர், பத்துத்தானுங்க வருது. நானு?"

"நீங்க இருக்கற தைரியத்துலதானுங்ணா மத்த பத்தும்."

மரியாதை துளியும் குறையாமல் ஓர் ஆளைக் கணக்கிலிருந்து கழிப்பது கொங்கு நாட்டுக்கே உரிய கலை.

வியூகம் பலித்தது, அதுதான் விபரீதம். அடுத்த நான்கு ஆட்டங்களும் வெற்றி. பத்துப் பேரும் எதிரணிப் பாதியிலேயே குடியேறிவிட்டார்கள். ஒருமுறை கோல் விழுந்ததும் கந்தப்பன் கட்டிப்பிடிக்க ஆசைப்பட்டு எண்பது மீட்டர் ஓடினார். போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கொண்டாடி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லீங்க மாஸ்டர்" என்று அவர் முறையிட்டதைச் சாமுவேல் ஆழ்ந்த ஆட்ட நுணுக்கமாக எடுத்துக்கொண்டார்.

"சரியாச் சொன்னீங்ணா! நீங்களும் மேல ஏறி வாங்க. பேக்குக்குப் பின்னால இருக்கற காலி எடம் பூராவும் உங்களுது."

கடைசி ஆட்டம் கோபிசெட்டிபாளையத்து அணியோடு. கம்பெனி அணிக்கு ஒரு கோல் முன்னிலை. கந்தப்பன் உத்தரவுப்படி ஏறி வந்தார். உத்தரவுக்கு மேலும் இருபது அடி வந்தார்.

"தம்பி, அந்த மெஸ்ஸுல இன்னும் நாட்டுக்கோழிக் கொழம்பு..."

"அண்ணா, பந்துங்ணா!" என்று தீபக் அலறினான். பந்து இருவர் தலைக்கும் மேலே நிதானமாகப் பறந்து, காலியாகக் கிடந்த கோலுக்குள் போய் விழுந்தது.

பத்துப் பேரும் அவரிடம் ஓடி வந்தார்கள்.

"என்னங்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க!"

"கதை பேசற எடமாங்ணா இது?"

ஒருவன் தோளைப் பிடித்தே உலுக்கினான். கந்தப்பன் தலைகுனிந்து நின்றார். அப்படி நிற்பதில் இருந்த சுகத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆட்டத்தைத் தொடர நடுவர் விசில் ஊதியதும் எல்லோரும் தத்தம் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

ஐந்து நிமிடம் மிச்சம். கோபிக்காரன் ஒருவன் தனியாகப் புகுந்து அடித்தான். சோம்பலாக உருண்டுவந்த பந்து. குனிவதில் ஒரு நொடி தாமதித்தால் போதும். பத்துப் பேரும் மறுபடி வருவார்கள். கந்தப்பன் உண்மையாகவே யோசித்தார். தூரத்தில் தீபக் இரு கைகளையும் தலையில் வைத்தபடி நின்றான். பையன் அழுதுவிடுவான் போலிருந்தது.

குனிந்து பந்தை அள்ளினார். இடது கோட்டை மிதித்து நின்ற விங் ஹர்ஷாவுக்கு ஓங்கி உதைத்தார். ஹர்ஷா உள்ளே திரும்பினான். பேக் கோட்டோரம் பறந்தான். எதிரணி டிபென்ஸ் அவன் பின்னால் இழுபட்டது. நடுவில் திறந்த ஓட்டையில் கோல்.

அந்தக் கோடியில் பத்துப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். கந்தப்பன் நாலடி ஓடி நின்றுவிட்டார். அவர்களுக்கு அப்பால், கோல் வாங்கிய கோபி கோல்கீப்பரைச் சூழ்ந்துகொண்டு அவனுடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் கைநீட்டி ஏசிக்கொண்டிருந்தார்கள்.

கந்தப்பனுக்குப் பொறாமையாக இருந்தது.