அவர் கொடுக்காத குரல்

புளி உலுக்குவதற்கு எங்கள் மலையூர் புதூர்நாட்டில் ஒரு முறை உண்டு. மரத்தின்மேல் இருப்பவர் "உலுக்கட்டுமா?" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே பொறுக்குகிறவர்கள் விலகி நின்று "உலுக்கு" என்று சொன்ன பிறகுதான் கிளையில் கை வைக்கலாம். இது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவருக்குத் தெரியாதா?

தெரியும். அன்றைக்கு ஏதோ அவசரம், கேட்காமல் உலுக்கினார். பட்டுப்போன கிளை ஒன்று முறிந்து என் வலது தோளில் விழுந்தது. ஜீப்பில் திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை "கேக்காம உலுக்கிட்டேன், மன்னிச்சுடு" என்று அழுதுகொண்டே வந்தார். எலும்பு கூடியது, விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. அவரை அப்போதே மன்னித்துவிட்டேன், நிஜமாகவே.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே பத்திரிகைகளுக்குக் கதை எழுதியவள் நான். கையோடு அதுவும் போயிற்று. சோறு பிசைய முடியாததைவிட அதுதான் என்னை அரித்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம், அவராகவே சொன்னார்: "நீ சொல்லு, நான் எழுதறேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளை விழுந்த கதையைத்தான் சொன்னேன். அதைச் சொல்லாமல் வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. 'அவர் குரல் கொடுக்கவில்லை' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. "படிச்சுக் காட்டுங்க" என்றேன். நான் சொன்னபடியே நிறுத்தி நிதானமாகப் படித்தார். பத்திரிகைக்கும் அவரே அனுப்பிவைத்தார்.

கதை அச்சானதே எனக்கு ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லித்தான் தெரியும். என் விரல்களை நீவிவிட்டபடியே சொன்னார்: "உங்க கதையைப் படிச்சேங்க. பாவம் உங்க வூட்டுக்காரரு. அம்மாங் கத்து கத்தியும் உங்க காதுல வுழலியே."

பத்திரிகையை நர்சம்மாவிடமே வாங்கிப் பார்த்தேன். 'அவர் தொண்டை கிழியக் குரல் கொடுத்தார். அவள் ஏதோ யோசனையில் நின்றிருந்தாள்.' மேலே என் பெயர். அன்று என் கணவர் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு எனக்கு வேறொன்றைப் படித்துக் காட்டியிருக்கிறார். என் கதையிலேயே என் கை போனதற்கு நானே காரணம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஊரு படிக்கிறது. வாத்தியாரு பொண்டாட்டி கையை ஒடிச்சிட்டான்னு பேசமாட்டாங்களா? கதைதானே, வுடு."

உடம்பெல்லாம் எரிந்தது. கிளை விழுந்தபோதுகூட இந்த மனுஷனை நான் வெறுக்கவில்லை. அன்று வெறுத்தேன்.

மறுநாளே இடது கையில் பென்சில் பிடித்தேன். எல்லாம் கோழிக் கிறுக்கல். ஒரு எழுத்து உருப்படியாக விழுவதற்குள் கழுத்து இறுகிப்போகும். "குடு, நான் எழுதித் தர்றேன்" என்று கை நீட்டினார். தாளை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அடுத்த புளிப் பருவத்தில் அவர் மரம் ஏறினார். நான் கிளை எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, முறத்தை மடியில் கவிழ்த்து அதன்மேல் எழுதிக்கொண்டிருந்தேன்.

"உலுக்கட்டுமா?"

நான் அடுத்த எழுத்தைப் போட்டேன். மறுபடியும் கேட்டார்.

"இன்னா, காது கேக்கலியா?"

"நல்லாக் கேக்குது. இந்த வரியை முடிச்சிட்டுச் சொல்றேன், இருங்க."

'அவர் குரல் கொடுக்கவில்லை' என்று நான் எழுதி முடிக்கும்வரை, கிளையைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.