மாமி ஏறும் வண்டி

கேளம்பாக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெயினுலாபுதீனுக்குத் தொண்ணூறுகள் முழுக்க ஒரு பெருமை இருந்தது. மனைவி ஃபக்ருன்னிசாவின் குடும்பத்தில் கல்யாணமோ பிரசவமோ எதுவானாலும் அவருடைய பழைய அம்பாசிடர்தான் வாசலில் போய் நிற்கும். கோவளத்திலிருந்த மாமியார், "ஜெயினு வந்துருவாருல்ல?" என்று கேட்காமல் எங்கும் கிளம்ப மாட்டார்.

2004இல் மைத்துனன் தமீம் புதுக் கார் வாங்கினான். அதோடு அழைப்பு நின்றது. தமீம் நல்லவன், பணிவானவன். அதுதான் ஜெயினுலாபுதீனுக்கு ஆறவேயில்லை. கெட்டவனாக இருந்தாலாவது வாய்விட்டுத் திட்டலாம்.

ஒருநாள் மாமியார் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. "உங்கூட்டு வண்டி பிரேக் போட்டா கீச்சுன்னு கத்துதும்மா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டினார். மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள் மனைவி. "நம்ம வண்டி, நானே பாத்துக்கறேன்" என்றார். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, வலது சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கை மூடியிருந்த துருவேறிய டிரம், சுற்றிலும் சுத்தியலால் தட்டிய பிறகே அசைந்துகொடுத்தது. உள்ளே பிரேக் ஷூவின் லைனிங் பட்டை, அடித்திருந்த ரிவெட் ஆணிகள் தெரியுமளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது; கீச்சிட்டது அதுதான். குறடால் இழுத்த ஸ்பிரிங் துள்ளி விரலைக் கிழித்தது.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தமீமின் கார் வந்து நின்றது.

"மச்சான், உம்மா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க. கால் வீங்கிக்கீது. வண்டிலதான் கீறாங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம், அக்காவையும் கூப்டுங்க."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"உங்க வண்டி கழட்டிக் கெடக்குதுன்னு அக்கா முன்னாடியே போன்ல சொல்லுச்சு மச்சான்."

கிரீஸ் கையோடு பின்சீட்டில் செய்தித்தாளை விரித்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். திருப்போரூர் சாலையில் தமீம் பள்ளம் மேடே தெரியாதபடி ஓட்டினான். லாரி ஒன்று குறுக்கே வந்தபோதும் வண்டி பூப்போல நின்றது. ஒரே ஒரு தடவை இவன் எல்லோரையும் தூக்கிப்போடுகிற மாதிரி பிரேக் போட மாட்டானா என்று அவர் மனம் ஏங்கியது. முன்சீட்டில் முனகிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஏக்கம் மட்டும் போகவில்லை.

எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான். கட்டுப் போட்டு மறுவாரம் வரச் சொன்னார்கள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இரண்டு பின்சக்கரங்களுக்கும் புது ஷூ மாட்டி, சக்கரம் லேசாக உரசிச் சுற்றும் பதத்துக்குச் சரிசெய்தார். வெறும் வண்டியைக் கோவளம்வரை ஓட்டி, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். சத்தம் இல்லை.

மறுவாரம் தமீமுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தச் செய்தி ஜெயினுலாபுதீனுக்குப் பெருநாள் பிறை கண்டதுபோல் இருந்தது. அம்பாசிடரில் மாமியார் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றியபடிதான் உட்கார்ந்தார். திருப்போரூர் தாண்டியதும் பிடி தளர்ந்தது.

"கத்தலியே, ஜெயினு."

"நானே மாத்துனேன் மாமி."

"நல்லா கீது" என்றார் மாமியார்.

ஜெயினுலாபுதீனுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நேரம் பார்த்து மாமியாரின் செல்போன் அடித்தது.

"ஆமா தமீமு, பத்திரமாத்தான் போய்க்கினு கீறோம். நீ நேரத்துக்குச் சாப்புடு, என் ராசா."

இத்தனை வருஷத்தில் ஜெயினுலாபுதீனை ஒருமுறைகூட மாமியார் 'ராசா' என்று கூப்பிட்டதில்லை.